எல்லா லென்ஸிலும் அதே அளவு

டேரில் கேட்டது ஒரே ஒரு முடி.

ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்து வந்த புடவையோடு மமதா சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அடுப்பில் தேங்காய்ப்பால் சாதம் வெந்துகொண்டிருந்தது. பட்டையும் கிராம்பும் நெய்யும் கலந்த மணம் பெங்களூர் காக்ஸ் டவுனின் அந்தப் பழைய வீட்டின் உயரமான கூரைவரை போய்த் தங்கியிருந்தது. டேரில் ஓசைப்படாமல் பின்னால் வந்து, பின்னலுக்குத் தப்பிப் பிடரியில் கிடந்த ஒன்றைப் பிடித்துச் சுருக்கென்று இழுத்தான்.

“ஆ! என்னா டேரில் இது, கேட்டுட்டு எடுக்கமாட்டியா?”

“கேட்டா நரைச்சதா பார்த்துக் குடுப்ப. எனக்குக் கறுப்பு வேணும்.”

“என் தலையில நரையே கெடையாது.”

“அதான் இவ்ளோ நேரம் தேடினேன், கறுப்பு கெடைக்கறதுக்கு.”

அவள் கத்தியை ஓங்கினாள். ஹாலிலிருந்து அவன் அம்மா அன்னம்மாள் குரல் கொடுத்தாள்: “சாதத்துல முடி விழப்போவுது. வெளையாட்ட வெளியில வெச்சுக்கங்க.”

டேரில் கல்லூரியில் பியுசி பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுப்பவன். மறுநாள் வகுப்புக்கு, செல்களையும் நுண்ணுயிர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவு ஒப்பிட்டுக் காட்டும் ஒரு படம் வரைய வேண்டும் என்று கல்லூரி மைக்ராஸ்கோப் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். முடி அதற்காகத்தான். கண் வைத்துப் பார்க்கும் குழலைக் கழற்றி, உள்ளேயிருக்கும் வளையத்தில் ஒரு துண்டு முடியை நகப்பாலிஷால் ஒட்டிவிடுவது பழைய லேப் பழக்கம். பார்க்கும்போது வெளிச்ச வட்டத்தில் அது கறுப்பு முள்ளாகத் தெரியும். முள் இல்லாவிட்டால் ஒருவர் பார்ப்பதை இன்னொருவருக்குக் காட்ட முடியாது. காற்றுக் குமிழியைப் பார்த்துவிட்டு அமீபா பார்த்தேன் என்று பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள். முள் இருந்தால் ‘நுனியில பாரு’ என்றால் போதும்.

“பெங்களூர்ல பாதிப் பேரு அமீபாவ வாத்தியார் பொண்டாட்டி முடி நுனியிலதான் பார்த்திருக்கான்,” என்றான் டேரில். இருவரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் அந்த வீட்டில் கடைசியாக நடந்த சாதாரணமான விஷயம்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலோரம் மேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மமதா பாத்திரம் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டாள். காமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. லென்ஸ் என்றால் அவளுக்கும் ஆர்வம் உண்டு. அவன் முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துக் காட்டினான். நாற்பது மடங்கு காட்டும் சின்ன லென்ஸில் வெளிச்ச வட்டத்துக்குள் நாலு மில்லிமீட்டர் கோடுகளும் இன்னும் கொஞ்சமும் அடங்கின. நானூறு மடங்கில் அரை மில்லிமீட்டர்கூட அடங்கவில்லை.

“வட்டம் எப்பவும் அதே வட்டம்தான். லென்ஸ் ஏத்த ஏத்த உள்ள இருக்கற எடம் சின்னதாவுது. எடம் சின்னதாவும்போது அதுல இருக்கறது பெரிசா தெரியுது. பெரிசா தெரியறது வேற, பெரிசா இருக்கறது வேற. இத மட்டும் பசங்களுக்குப் புரியவெச்சுட்டா என் வேலை முடிஞ்சுது.”

வெங்காயத் தோலின் செல்கள் சின்ன லென்ஸில் பொடிச் செங்கலாக இருந்து, பெரிய லென்ஸில் வட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நீண்டு கிடந்தன. அவள் கன்னத்தின் உள்பக்கம் பல்குச்சியால் சுரண்டி எடுத்த செல்கள் கசங்கிய அப்பளம்போல் இருந்தன. காலைத் தயிரில் இருந்த பாக்டீரியாக்கள் நானூறு மடங்கிலும் தூவிய மிளகுத் தூள்தான். முடி மட்டும் எந்த லென்ஸிலும் மாறவில்லை. அது கண் வைக்கும் குழலுக்குள் இருப்பது. கீழேயுள்ள லென்ஸுக்கு அது கட்டுப்படாது.

கடைசியாக வைக்கோல் ஊறிய தண்ணீர். ஒரு வாரமாகப் பின்கட்டில் ஜாம் பாட்டிலில் நாறிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சொட்டை வைத்துக் குனிந்தவன் கண் வைக்கும் குழலை விரலால் மெதுவாகத் திருப்பினான். அப்புறம் சொன்னான்:

“மமதா, முள் நுனியில பாரு.”

அவள் பார்த்தாள்.

பழுப்பு வெளிச்சத்தில் பாரமீசியங்கள் செருப்புச் செருப்பாய் நீந்திக்கொண்டிருந்தன. அவள் முடியின் நுனி தொடும் இடத்தில் ஒன்று இருந்தது. மீன் செதில் மாதிரி. வட்டமாக, நிறமே இல்லாமல், ஓரத்தில் மட்டும் மெல்லிய பளபளப்போடு. அதன் வழியே வெளிச்சம் தெளிவாகத் தெரிந்தது. மற்ற இடத்தைவிடத் தெளிவாக, துடைத்துவிட்டது மாதிரி.

“என்னாது இது?”

“தூசுன்னு நெனச்சேன். இப்ப பாரு.” அவன் லென்ஸை மாற்றினான்.

பாரமீசியங்கள் ஊதிப் பெருத்தன. செதில் பெருக்கவில்லை. மறுபடி மாற்றினான். பாரமீசியம் ஒன்றே வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு உரசிப்போனது. செதில் அதே அளவில், அதே இடத்தில்.

“அப்போ அதுவும் முடி மாதிரி குழலுக்குள்ள ஒட்டிக்கினு இருக்குது.”

“நானும் அதான் நெனச்சேன்.” அவன் குழலைத் திருப்பினான். முடி கடிகார முள்ளாய்ச் சுற்றியது. செதில் சுற்றவில்லை. சொட்டு வைத்த கண்ணாடியை நகர்த்தினான். எல்லாம் நகர்ந்தன, அது நகரவில்லை. கண்ணாடியையே எடுத்துவிட்டான். வெறும் வெளிச்சம். அதில் அது. வேறு குழலை மாட்டினான். முடி போயிற்று. அது இருந்தது.

“உன் கண்ணு,” என்றாள்.

“பார்க்கறது நீதானே இப்ப.”

சொட்டைத் திரும்ப வைத்து, சின்ன லென்ஸில் இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு பாரமீசியம் இடமிருந்து நீந்திவந்து செதிலுக்குப் பின்னால் போயிற்று. பாலத்துக்கு அடியில் புகுந்த ரயில் மறுபக்கம் வரக் காத்திருப்பதுபோல மமதா வலப்பக்கம் பார்த்துக் காத்திருந்தாள். வரவில்லை. இன்னொன்று போயிற்று. அதுவும் வரவில்லை. செதிலின் வழியே பின்னாலிருந்த தண்ணீர் தெரிந்தது. தண்ணீர் மட்டும். பெரிய லென்ஸுக்கு மாற்றினால், செதிலைவிடப் பெருத்துவிட்ட பாரமீசியம் ஒரு பக்கம் மூக்கும் மறுபக்கம் வாலுமாய் அதைத் தாண்டிப் போய்விட்டது. ஆனால் அங்கே தயிர்ச் சொட்டை வைத்தபோது மிளகுத் தூள்கள் ஒவ்வொன்றாய் உள்ளே போயின.

“பெரிசா இருந்தா தப்பிக்குது,” என்று சிரித்தான் டேரில்.

அவள் நிமிர்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டாள். எதிர்ச் சுவரில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்பின் மேல், ஒரு பல்லியின் நீளத்துக்கு அகன்று, அது இருந்தது.

கடையில் தினமும் ஒருவராவது அவளிடம் வந்து கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்பார்கள். கண்ணுக்குள் ஜெல்லி மாதிரி ஒன்று இருக்கிறது, வயதாக வயதாக அதில் தூசு மிதக்கும், ஒன்றும் ஆகாது, பழகிவிடும் என்று அவள் சொல்வாள். டேரிலுக்கும் அது தெரிந்தது; அவனிடமும் அன்றிரவு அதைத்தான் சொன்னாள். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அது நகத்தின் அளவு. சுவரில் பல்லி அளவு. எதிர்வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி அளவு. கண்ணுக்குள் இருப்பது அப்படித்தான் தெரியும். எங்கே பார்க்கிறோமோ அங்கே போய் அந்தத் தூரத்துக்குத் தகுந்த அளவாகிவிடும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஒன்று மட்டும் சரியாக இல்லை. கண்ணில் மிதக்கும் தூசு பார்வையோடு ஓடும். பார்க்கப் போனால் நழுவும். இது நழுவவில்லை. தலையைத் திருப்பினால் அங்கே இல்லாமலிருந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் இடது ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே வந்தது. அவசரமில்லாமல். வந்து, பார்வையின் நடுவில் நின்றது. எவ்வளவு நேரம் ஒரே இடத்தைப் பார்க்கிறோமோ அவ்வளவு நடுவில்.

செவ்வாய்க்கிழமை டேரிலைக் கடைக்கு வரச்சொன்னாள். அங்கே மாலையில் வரும் டாக்டர் சுந்தரமூர்த்தி சொட்டு மருந்து விட்டு, நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு, இரண்டு பேர் கண்ணையும் நெடுநேரம் பார்த்தார்.

“ரெண்டு பேருக்கும் கண்ணு சுத்தமா கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு புள்ளி தூசு இல்ல. இதுக்கு எங்கிட்ட மருந்து கெடையாது சார், வொய்ஃப் கூட ஒரு வாரம் ஊட்டி போயிட்டு வாங்க.”

டேரில் சிரிக்கவில்லை. டாக்டரைத் தாண்டி, கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தவன், சட்டென்று தரையைப் பார்த்தான்.

மறுநாள் காலை சர்க்கரை டப்பாவை நோக்கிச் சமையலறைச் சுவரில் எறும்புகள் சாரை போட்டிருந்தன. பால் பொங்கக் காத்திருந்த மமதா சும்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செதில் இடதுபுறமிருந்து வந்து சாரையின் மேல் நின்றது. எறும்புகள் ஒரு பக்கம் போய்க்கொண்டே இருந்தன. மறுபக்கம் வரவில்லை. மறுபக்கத்து எறும்புகள் வழி அறுந்து, அங்குமிங்கும் தலையைத் தூக்கித் தேடின. அவள் சுவரை ஒட்டி முகத்தைக் கொண்டுபோனாள். கிட்டே எறும்புகள் பெரிதாயின, தப்பித்தன. பின்னால் ஓரடி வைத்தாள். மறுபடி போயின. செதிலின் வழியே சுவர் தெரிந்தது. எண்ணெய்ப் பிசுக்கு, பெயிண்ட் வெடிப்பு, எல்லாம் தெரிந்தது. எறும்பு மட்டும் இல்லை. அவள் அந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினாள். சுவர் சில்லென்றிருந்தது. பால் பொங்கி வழிந்து கருகும் வாடை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள்.

சாயங்காலம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனவள் கோயில் கோபுரத்தைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் ஓரக்கண்ணில் கம்பியில் வரிசையாய் உட்கார்ந்திருந்த புறாக்கள் ஒவ்வொன்றாய்க் குறைந்தன. சிறகடிக்கும் சத்தம் எழவில்லை. துணியை வாரிக்கொண்டு ஓடிவந்தாள்.

டேரில் கல்லூரியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

“நாணு இன்னைக்கும் வரல.”

“யாரு நாணு?”

“வாட்ச்மேன். முந்தாநேத்து நான் ரெண்டாவது மாடி வராண்டாவுல நின்னுக்கினு இருந்தேன். அவன் கிரவுண்டுக்கு அந்தக் கோடியில பசங்கள வெரட்டிக்கினு விசில் ஊதிக்கினே நடந்தான்.” வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. “விசில் பாதியில நின்னுச்சு மமதா.”

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எறும்புகளைப் பற்றிச் சொன்னாள். புறாவையும். சொல்லும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் அவ்வளவு அருகில் பெரிதாக இருந்தது. செதில் அவன் கன்னத்து மச்சத்தின் மேல் வந்து நின்றது. மச்சம் தெரியவில்லை. தலையை அசைத்தாள், செதில் விலகியது. மச்சம் அங்கேயே இருந்தது.

“முழுசா அடங்கினாத்தான்,” என்றான் டேரில். அவன் குரலில் வகுப்பெடுக்கும் நிதானம் வந்திருந்தது, அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது. “பாரமீசியம் மாதிரிதான். ஓரம் வெளிய நீட்டிக்கினு இருந்தா ஒண்ணும் ஆவாது. முழு ஆளும் உள்ள அடங்கணும். அதுக்கு அவன் தூரமா போவணும். தூரம்னா சின்ன லென்ஸு, அவ்ளோதான். வீட்டுக்குள்ள யாரும் அவ்ளோ சின்னதாவ மாட்டோம். தெருவுலதான்.”

அவன் கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

“வெளிய போனா இத வெச்சுப் பாரு. ஆளு இந்த நகத்துக்குள்ள அடங்கற தூரத்துல இருந்தா, தலைய குனிஞ்சுக்கோ.”

“உன்னையும் அப்படித்தான் பார்க்கணுமா?”

“என்னைப் பார்க்கவே பார்க்காதே. கிட்ட இருக்கும்போது பாரு.”

அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டே இருந்தார்கள். கல்யாணமான புதிதில்கூட அப்படி இருந்ததில்லை. அன்னம்மாளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. “என்னாடி இது, அவன் பாத்ரூம் போனாக்கூட வாசல்ல நிக்கற?”

“சும்மாத்தான் அத்தே.”

“சும்மாவா? எனக்கு ஒரு பேரன வேணும்னா குடுங்க, இப்படி ஒட்டிக்கினு திரியாதீங்க. பக்கத்து வீட்டு ஆம்ப்ரோஸ் கேக்கறான், ஆன்ட்டி, டேரிலுக்கு ஒடம்பு சரியில்லையான்னு.”

டேரில் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினான். ஓய்வறையில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். மமதா கடையில் வாடிக்கையாளர்களை நாற்காலியோடு தன் முழங்கால்வரை இழுத்துக்கொண்டாள். எழுத்துப் பலகையின் கடைசி வரியில் நடு எழுத்தை அவள் பார்ப்பதில்லை. பேருந்தில் தன் மடியைப் பார்த்துக்கொண்டு போனாள். மழை பிடித்துக்கொண்டது. பெங்களூர் முழுவதும் குடைக்குள் குனிந்து நடந்ததால் அவள் குனிந்து நடந்தது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஒரு விஷயம்தான் பாக்கி. அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியே போகிறவர் தெருமுனை திரும்பும்வரை யாராவது ஒருவர் கேட்டருகில் நின்று பார்க்க வேண்டும். அதற்குமுன் கேட்டை மூடினால் போகிறவரை விரட்டுவது மாதிரி. அன்னம்மாளின் கணவர் உயிரோடிருந்தவரை அவள் நின்றாள். இப்போது மமதா. தினமும் டேரில் முனையிலிருக்கும் பேக்கரியருகே நின்று, திரும்பிப் பார்த்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவான்.

“இனிமே நான் கை காட்டல,” என்றான் டேரில். “நீ கேட்டுல நில்லு, இல்லன்னா அம்மா விடமாட்டாங்க. ஆனா உன் காலைப் பார்த்துக்கினு நில்லு. நான் முனை திரும்பினதும் உனக்கு மிஸ்டு கால் குடுக்கறேன். அதுக்கப்புறம் தலைய தூக்கு.”

அப்படியே நடந்தது. தினமும் காலை அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் கால்விரல்களைப் பார்த்தபடி நிற்பாள். மெட்டியின் மேல் செதில் வந்து நிற்கும். நடுவில். அவன் செருப்புச் சத்தம் ஈரத் தெருவில் தேய்ந்துகொண்டே போகும். கையிலிருக்கும் போன் ஒருமுறை அதிர்ந்து நிற்கும். தலையைத் தூக்குவாள். தெரு காலியாக இருக்கும். அந்தக் காலித் தெருவைப் போல அழகான ஒன்றை அவள் பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவன் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக் கொடுக்க எடுத்துப்போனான். மரப்பெட்டியை ரெயின்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு, “இது வீட்ட விட்டுப் போனா சரியாயிடும்னு தோணுது,” என்றான். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. கேட்டில் நின்று அவள் கழுத்தில் ஒருமுறை முகத்தை வைத்தான். நேற்றைய மழையில் நனைந்து காயாத ரெயின்கோட்டின் ரப்பர் வாடை. ஷேவிங் சோப்பு வாடை.

“காலைப் பாரு,” என்றான்.

அவள் காலைப் பார்த்தாள்.

தூறல். பக்கத்து வீட்டு ஓட்டிலிருந்து தகரத்தில் சொட்டும் சத்தம். அவன் செருப்பு. தேய்ந்தது. ஆம்ப்ரோஸ் வீட்டு நாய் ஒருமுறை குரைத்தது. செதில் மெட்டியின் மேல் வந்தது. செருப்புச் சத்தம் இல்லை. தூறல் மட்டும்.

போன் அதிர்ந்தது.

அவள் தலையைத் தூக்கினாள்.

பேக்கரியருகே டேரில் நின்றிருந்தான். போய்விட்டுத் திரும்பி வந்திருந்தான். அவள் முடி ஒட்டிய அந்தக் குழல், வேறு ஒன்றை மாட்டியபோது கழற்றி வைத்தது, மேசை மேலேயே இருந்தது. அதைக் கேட்கத்தான் ஓரடி, ஒரே ஓரடி, முனைக்கு இந்தப் பக்கம் வந்திருந்தான். பெட்டியை மார்போடு அணைத்திருந்தான். மஞ்சள் ரெயின்கோட். நகத்தைவிடச் சின்னதாக.

“மமதா, அந்தக் குழ—”

அவனும் அவளைப் பார்த்துவிட்டான். அவள் எவ்வளவு சின்னதாக நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் செய்ததை அவள் முழுதாகப் பார்த்தாள். கத்தவில்லை. ஓடவில்லை. பெட்டியைப் பிடிக்காத கையைத் தூக்கித் தன் இரண்டு கண்களையும் மூடிக்கொண்டான்.

அவளுக்கு நேரம் இல்லை. காலைப் பார்த்து நின்றதில் அது நடுவில் வந்திருந்தது. இந்த முறை விலகாமல் அவள் தலையோடு அதுவும் எழுந்தது.

ஓரத்தில் மெல்லிய பளபளப்பு.

அதன் வழியே பேக்கரியின் சுவர். ஈரத் தெரு. தூறல்.

அவள் கண்ணை மூடினாள். திறந்தாள். தலையை இந்தப் பக்கம் ஆட்டினாள். அந்தப் பக்கம். செதில் விலகியது.

பேக்கரியின் சுவர். ஈரத் தெரு. தூறல்.

முனைவரை ஓடினாள். அவன் நின்ற இடத்தில் தரை ஈரமாக இருந்தது, மற்ற இடத்தைப் போலவே. ரெயின்கோட்டின் ரப்பர் வாடை அங்கே இன்னும் நின்றிருந்தது. பிறகு அதுவும் மழையில் கரைந்தது.

பேக்கரி கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. மஞ்சள் ரெயின்கோட் முனை திரும்புகிறது. போனை எடுக்கிறது. நின்று, எதையோ நினைத்துக்கொண்டதுபோல் திரும்பி வருகிறது. கையைத் தூக்குகிறது. அதற்கப்புறம் தெரு இருக்கிறது. கேமரா பழசு, நடுவில் விட்டுவிட்டுப் பதியும் என்று போலீஸ்காரர் முடிவு செய்தார். “எல்லி ஹோக்தாரே, பர்த்தாரே பிடி மேடம்,” என்று கன்னடத்தில் ஆறுதல் சொன்னார். எங்கே போய்விடுவார், வந்துவிடுவார் என்று. சொல்லிவிட்டு அவர் ஜீப்பை நோக்கி நடந்தபோது மமதா தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

அன்னம்மாளிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அன்னம்மாள் கேட்டுவிட்டு, வெகுநேரம் ஜெபமாலையை உருட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் அன்று மாலை தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மமதாவின் முழங்காலோடு முழங்கால் இடிக்கப் போட்டு உட்கார்ந்தாள்.

“இவ்ளோ கிட்ட போதுமா?”

“போதும் அத்தே.”

“ம். அப்போ என்னைப் பாரு. அவன் மூஞ்சி என் மூஞ்சி மாதிரிதான்.”

இப்போது வீட்டில் அப்படித்தான் இருக்கிறார்கள். பூசைக்குப் போனால் கையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கேட்டில் யாரும் நிற்பதில்லை. மைக்ராஸ்கோப் பெட்டியைப் பற்றிக் கல்லூரியிலிருந்து இரண்டு முறை கேட்டார்கள். முடி ஒட்டிய குழல் மேசை இழுப்பறையில் ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கிடக்கிறது.

திறந்த கண்ணோடு இருக்க அவள் பழகிக்கொண்டாள். மூடுவதுதான் கஷ்டம். இமைக்குள் இருக்கும் செம்மண் நிற இருட்டிலும் அது இடது ஓரத்திலிருந்து வருகிறது. அங்கே சுவர் இல்லை, தெரு இல்லை. அவள் நினைப்பவை மட்டும்தான் அங்கே நடமாடுகின்றன.

முதலில் பயமில்லை. டேரிலை நினைத்தால் முகம்தான் வந்தது, மூக்கோடு மூக்கு உரசும் அருகில். ரெயின்கோட் வாடையோடு. செதில் கன்னத்து மச்சத்தை மறைக்கும், விலகும், மச்சம் இருக்கும். அவன் அதைவிட எவ்வளவோ பெரிதாக இருந்தான்.

பிறகு ஒருநாள் தோள்களும் தெரிந்தன. பிறகு அவன் சமையலறை வாசலில் முழு ஆளாய் நின்றான், பிடரியிலிருந்து பிடுங்கிய முடியை விரலில் பிடித்துக்கொண்டு. குரல் கொஞ்சம் தள்ளி எங்கிருந்தோ கேட்டது. மழைக்காலம் முடிந்தபோது கேட்டருகே நின்றான். மச்சம் எந்தக் கன்னம் என்று அவள் ஒருமுறை அன்னம்மாளைக் கேட்க வேண்டியிருந்தது. அவள் கிட்டே வரச்சொல்லிக் கூப்பிடுகிறாள். வருகிறான். அடுத்த முறை நினைக்கும்போது இன்னும் ஓரடி தள்ளி நிற்கிறான். இறந்தவர்கள் எல்லோருமே அப்படித்தான் போவார்கள் போலிருக்கிறது, ஓசைப்படாமல், முதுகைக் காட்டாமல்.

இன்று அவன் தெருவின் பாதியில் நின்றிருந்தான். மஞ்சள் ரெயின்கோட். கண்ணை மூடிய கை இன்னும் இறங்கவில்லை.

அவள் இமைக்குள் இருக்கும் இருட்டில் கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பார்த்தாள். அவன் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தான். தலையும் காலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அது அவன் பக்கத்தில் வந்து நின்றது. அதே அளவில்.